மடிச்சூடு

எங்கூட்டுக்காரர் மஸ்கட்டுல இருந்து போன் பண்ணுனா முதல் கேள்வி, "ஏம்புள்ள, உன்ற புழு எப்படி இருக்குது?" அதுக்கப்பறந்தான் நான், என்ற மூட்டு வலி, ஊட்டுக் கூரை, மாமியாரோட சர்க்கரை எல்லாம். கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். "ஏனுங்க, தாலி கட்டுனது எனக்குங்களா, புழுவுக்குங்களா?"ன்னு கேப்பேன். ஒரு நொடி கழிச்சுத்தான் அந்தப் பக்கம் சிரிப்பு கேக்கும். கடலைத் தாண்டி வரோணுமல்ல. அந்த ஒரு நொடி எனக்குச் சுத்தமாப் புடிக்காது.

அவரு கேக்கறதுல நியாயம் இல்லாமலும் இல்ல. எங்களைச் சேத்து வெச்சதே புழுதான்.

நான் ஏற்காட்டுல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீசியன். ரத்தம், சளி, சர்க்கரை எல்லாம் மத்தவங்க பாத்துக்குவாங்க. நான் புழு வளக்கறவ. வளக்கறதுன்னு சொல்றதே தப்பு, அதுங்க வளராது. சாகாமப் பாத்துக்கறதுதான் என்ற வேலை. எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல யாராச்சும் "என்ன வேலைங்க?"ன்னு கேட்டா, "ஆஸ்பத்திரி வேலை"ன்னு சொல்லிட்டு எலையைப் பாத்துச் சாப்புட ஆரம்பிச்சுருவேன். பந்தியில உக்காந்து சொல்ற வேலையா இது?

நாய்க்குட்டிங்க வயித்துல ஒரு புழு இருக்கும். அதோட முட்டை மண்ணுல கெடக்கும். மண்ணுல வெளையாடற கொழந்தை கையை வாயில வெச்சா முட்டை உள்ள போயிரும். பொரிஞ்சு வர்ற பொடிசுக்கு இது நாய் வயிறு இல்லைன்னு தெரியாது. ஈரல், நுரையீரல்னு சுத்தும். நாய்க்குள்ள இருந்தாத்தான் அது வளந்து பெரும்புழு ஆகும். மனுசனுக்குள்ள வளரவும் மாட்டேங்குது, லேசுல சாகவும் மாட்டேங்குது, சுத்திக்கிட்டே கெடக்குது. எப்பவாச்சும் ஒண்ணு கண்ணுக்குள்ள போயி உக்காந்துக்கும். போட்டோ புடிச்சா அந்தக் கண்ணு மட்டும் வெள்ளையா மின்னும்.

கண்ணுக்குள்ள வர்ற புத்துநோயும் அதே மாதிரிதான் மின்னும். வில்லங்கமே அங்கதான். புத்துன்னா உசுரைக் காப்பாத்தக் கண்ணையே எடுத்துருவாங்க. புழுன்னா எடுக்க வேண்டியதில்ல, வைத்தியம் இருக்குது. கீழ இருக்கற கண்ணாஸ்பத்திரிங்க ஸ்கேன் எல்லாம் பாத்துட்டு, அப்பவும் சந்தேகம்னா ரத்தத்தை எங்களுக்கு அனுப்புவாங்க. பொடிசுங்க குப்பியில இருக்கறப்போ தண்ணிக்குள்ள என்னமோ விடும். அந்தத் தண்ணியைச் சேத்து வெச்சு, கொழந்தையோட ரத்தத்தை அதுல பட வெச்சா, இந்தப் புழுவை அந்த ரத்தத்துக்கு முன்னயே பழக்கமா இல்லையான்னு நெறம் காட்டிக் குடுத்துரும். புழு செத்தா தண்ணி இல்ல, தண்ணி இல்லாட்டி டெஸ்டு இல்ல. அவ்வளவுதான் சமாச்சாரம்.

குப்பி உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையா இருக்கும், பிளாஸ்டிக்கு. உள்ள ரோஸ் கலர் தண்ணி. வெறுங்கண்ணுக்குத் தூசு மாதிரி தெரியறது அத்தனையும் உசுரு. மைக்ராஸ்கோப்புல வெச்சாத்தான் நூல் துணுக்கு மாதிரி நெளியறது தெரியும். வாராவாரம் பழைய தண்ணியை எடுத்துட்டுப் புதுத் தண்ணி ஊத்தோணும். நாங்க அதை வெள்ளிக்கிழமையில செய்வோம். மாத்தாம உட்டா தண்ணி மஞ்சளாயிரும், பொறவு ஒண்ணொண்ணா நெளியறதை நிறுத்திரும். எந்நேரமும் முப்பத்தேழு டிகிரி இருக்கோணும். ஏற்காடு மாதிரி, வெயில் காலத்துலயே சொட்டர் போடற ஊர்ல இதை எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். ஆரம்பிச்ச டாக்டருக்கு இந்த ஊரு புடிச்சிருந்துச்சாம். அவரு போயி நொம்ப வருசமாச்சு. புழு இங்கயே நின்னுபோச்சு.

எங்கூட்டுக்காரர் அப்ப மஞ்சக்குட்டை ரூட்டுல ஷேர் ஜீப்பு ஓட்டிக்கிட்டு இருந்தாரு. ஊரு கரடியூரு. குப்பியில பொடிசுங்களைப் பொரிக்க எங்களுக்கு முட்டை வேணும்னா நாய்க்குட்டி வயித்துல இருந்து வந்த புழு வேணும். ஊர் ஊராக் குட்டிங்களுக்குப் பூச்சி மருந்து குடுத்து, மறுநாள் வெளிய வர்ற புழுவை உப்புத் தண்ணியில போட்டு வெச்சுருப்பாங்க. அதை வாங்கிட்டு வர்றது ஜீப்பு டிரைவர் பொறுப்பு. இந்த மனுசன் அதைத் தன்ற டிபன் பாக்ஸ்ல போட்டுக் கொண்டாந்து, ஆபீஸ் மேசை மேல வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. எங்க ஆஸ்பத்திரி சிஸ்டரம்மா, கன்னியாஸ்திரி, அப்ப அவங்களுக்கு நல்ல பசி. யாரோ சேமியா கொண்டாந்திருக்காங்கன்னு மூடியைத் தொறந்துட்டாங்க. வெள்ளை வெளேர்னு, நீளநீளமா. அன்னைக்கு அவங்க போட்ட சத்தம் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். சிஸ்டர் இன்னைக்கு வரைக்கும் சேமியா தொடறதில்ல.

நான் அந்தாளைப் புடிச்சுத் திட்டுனேன் பாருங்க, அப்பிடித் திட்டுனேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. எல்லாம் முடிஞ்சப்பறம், "ஏனுங்க மேடம், புழு நல்லாருக்குதுங்களா?"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொண்ணு பாக்க வர்றவன் மல்லியப்பூ கொண்டு வருவான். எனக்கு வந்த ஆளு புழு கொண்டு வந்தாரு. பொறவு வாரம் தப்பாம வந்தாரு. எங்களுக்கு அத்தனை புழு தேவையே இல்ல. சிஸ்டர்தான் ஒரு நாள் சொன்னாங்க, "ஏம்மா, இனி அந்தத் தம்பி நாய்க்குட்டிக்காக வரலை."

கல்யாணமாகிக் கொஞ்ச வருசம் ஜீப்பு ஓட்டுனாரு. ஆளாளுக்கு டூவீலர் வாங்கிட்டாங்க, ஜீப்புல ஏற ஆளு கொறைஞ்சு போச்சு. கூட்டாளி ஒருத்தர் மஸ்கட்டுல லாரி ஓட்டக் கூப்புட்டாரு, போயிட்டாரு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவாரு. வந்தா மாசம் தாங்காது. எங்களுக்குக் கொழந்தை இல்ல. அதை நான் இங்க எழுதப் போறதில்ல.

அவரு இல்லாத ஊடு எப்படி இருக்கும்னா, ஒண்ணும் இருக்காது, எல்லாம் வெச்ச எடத்துல இருக்கும். அதான் எரிச்சலே. மூடி போடாத பேஸ்ட்டு, கதவுல தொங்கற ஈரத்துண்டு, இதுக்கெல்லாம் சண்டை போட்டவ நானு. இப்ப துண்டு எடுத்து வெச்ச எடத்துலயே காஞ்சு கெடக்கும். பனி எறங்குனா ஜன்னல் வழியா உள்ள வந்து கட்டில்ல அவரு படுக்கற பக்கம்தான் முதல்ல சில்லுன்னு ஆகும். நான் அந்தப் பக்கம் கை போட்டுப் பாத்துட்டு எடுத்துக்குவேன். இதைச் சொல்ல வெக்கமா இருக்குது, ஆனா அவரு மேல எனக்கு இருந்த ஏக்கம் வயசுப் பொண்ணுக்குக் கூட இருக்காது.

போன்ல ஒரு நாள் கேட்டாரு. "அந்தக் குப்பியில இருக்கறது எத்தனை நாளைக்குப் புள்ள உசுரோட இருக்கும்?" வருசம் தாண்டியும் இருக்கும்னேன். "வளராதா?" வளராதுங்க, அது சேர வேண்டிய எடத்துல சேந்தாத்தான் வளரும்னேன். அப்பறம், "நானும் அப்படித்தான் புள்ள கெடக்கறேன் இங்க. சாகல, வளரல"ன்னாரு. வெளையாட்டாத்தான் சொன்னாரு. நான் போனை வெச்சுட்டுப் பாத்திரம் கழுவிக்கிட்டே அழுதேன்.

அதுக்கு அடுத்த வருசம் அவரு கம்பெனியில ஊட்டுக்காரியைக் கூட்டிக்க ரூம்பு குடுத்தாங்க. விசாவும் வந்துருச்சு. நான் வேலையை உட்டுட்டுப் போறதுன்னு முடிவு. எனக்குப் பதிலா ஆளு வேணுமே. முதல்ல வந்த பொண்ணு குப்பியை மைக்ராஸ்கோப்புல பாத்த அன்னைக்கே சோறு எறங்கலைன்னு போயிருச்சு. அடுத்து வந்தவரு குளிர் தாங்காம ஓடிட்டாரு. இதுக்குள்ள விசா ஒருக்கா காலாவதியாகி மறுபடி வாங்குனாரு. "இன்னொருக்கா கேட்டா மூஞ்சியில அடிச்சாப்ல இல்லைன்னுருவாங்க புள்ள"ன்னாரு. சிஸ்டர் என்னைப் பாக்கறப்பெல்லாம் கிண்டல் பண்ணுவாங்க. "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை கேட்டிருக்கேன். புழுவை நம்பிப் புருசனைக் கைவிட்டவளை இப்பத்தாம்மா பாக்கறேன்." நானும் சும்மா இருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை தண்ணி மாத்தறப்போ, "செத்துத் தொலைங்களேன் சனியனுங்களா, நான் போயி என்ற புருசனோட இருக்கறேன்"னு வாய் உட்டே திட்டுவேன். கை மட்டும் நடுங்காம ஊத்திக்கிட்டு இருக்கும்.

மூணாவதா சேலத்துல இருந்து ஒரு தம்பி வந்தாரு. நல்ல கை. பொறுமை இருந்துச்சு. எல்லாம் கத்துக்கிட்டாரு. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனேன். டிக்கெட்டும் போட்டாச்சு, கோயமுத்தூர்ல இருந்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கூட்டுக்காரர் ரூம்புக்குச் சுண்ணாம்பு அடிச்சு, போட்டோ அனுப்புனாரு. ஒரு குக்கர், ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர், ஜன்னலுக்கு ஊதாத் திரை. ஊதா எனக்குப் புடிக்கும்னு ஞாபகம் வெச்சிருந்திருக்காரு. என்ன கொண்டாரட்டும்னு கேட்டதுக்கு, "காப்பித்தூளு, மொளகு, அப்பறம் நம்மூரு குளிரு ஒரு டப்பா"ன்னாரு.

எங்க லேப்ல மடிப்பைன்னு ஒண்ணு இருக்குது, இப்ப அதைப் பத்திச் சொல்லோணும். மலை மேல கரெண்டு போச்சுன்னா எப்ப வரும்னு சொல்ல முடியாது. சவுக்கு மரம் சாஞ்சு கம்பி அறுந்துச்சுன்னா அதோகதி. வெந்நீர்ல வெச்சா பொடிசுங்க வெந்துரும், எடுத்தா ஆறிரும். மனுச உடம்பு மாதிரி ஒரே சீரான சூடு வேற எதுவும் தராது. அதனால சிஸ்டர், பிரசவ வார்டு பழைய கம்பளியில ஒரு பை தெச்சுக் குடுத்தாங்க. குப்பி சாயாம நிக்கற மாதிரி உள்ளுக்குள்ள தடுப்பு. லேப்ல யாரு இருக்காங்களோ அவங்க சேலைக்குள்ள, சட்டைக்குள்ள வயித்தோட சேத்துக் கட்டிக்கோணும். அதைக் கட்டிக்கிட்டு ஒருக்கா பஸ்ஸுல ஏறுனேன். ஒரு அம்மா எந்திரிச்சு எடம் குடுத்து, "எத்தனையாவது மாசம் கண்ணு?"ன்னு கேட்டாங்க. உக்காந்துக்கிட்டேன். வேறென்ன செய்யறது?

மடிப்பை வர்றதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு. நான் ஒரு கல்யாணத்துக்குச் சேலம் போயிருந்தப்போ கரெண்டு போச்சு. எங்க வாட்ச்மேன் அண்ணன், நல்ல மனுசன், நல்ல எண்ணத்துலதான் செஞ்சாரு. குப்பிங்களைத் துணியில சுத்தி அவரு ஊட்டுக்குக் கொண்டு போயி, அடைகாக்கற கோழிக்கு அடியில வெச்சுட்டாரு. "முட்டையே பொரிக்கற சூடுங்க, புழுவுக்குப் பத்தாதுங்களா?" கோழி என்ன மடைச்சியா? தன்ற முட்டை எது, பிளாஸ்டிக்கு எதுன்னு அதுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு மூக்கால தள்ளி உட்டுருச்சு. காலையில பாத்தா குப்பி சில்லுன்னு தரையில கெடக்குது. உள்ள இருந்ததுல பாதி சுருண்டது சுருண்டதுதான், எந்திரிக்கவே இல்ல. அண்ணன் கோழியைத் திட்டுனாரு, நான் அண்ணனைத் திட்டுனேன். அன்னைல இருந்து பொடிசுங்களைத் தெரியாத கையில குடுக்க எனக்கு மனசே வராது.

செரி, டிக்கெட்டு போட்ட வாரத்துக்கு வர்றேன். அந்தச் சமயம் எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு குப்பிதான். மத்ததெல்லாம் பூஞ்சை புடிச்சுப் போயிருச்சு, புது முட்டை இன்னும் பக்குவமாகல. சேத்து வெச்ச தண்ணியும் தீந்து, ஒவ்வொரு வாரமா மறுபடி சேத்துக்கிட்டு இருந்தோம். இன்னும் ஒருக்கா, அந்த வெள்ளிக்கிழமை எடுக்கறது சேந்தாத்தான் டெஸ்டு போடற அளவு வரும். டெஸ்டுக்காக மருந்து ஃப்ரிட்ஜுல ஒரு ரத்தம் காத்துக்கிட்டு இருந்துச்சு. ஆத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு. ஒரு கண்ணு வெள்ளையா மின்னுது. ஸ்கேன்ல ரெண்டுங்கெட்டானா இருக்குது. திங்கக்கிழமை வரச் சொல்லியிருந்தாங்க. அதுக்குள்ள எங்க பதில் போகலைன்னா கண்ணை எடுக்கறதுன்னு டாக்டருங்க சொல்லியிருந்தாங்க.

அந்தப் புள்ளையோட அம்மா லேப் நம்பரை எங்கயோ புடிச்சுத் தெனமும் கூப்புடுவாங்க. "ஏனுங்க மேடம், டெஸ்டு வந்துருச்சுங்களா?" வந்தா நாங்களே சொல்லுவம்மா, சும்மா சும்மா கூப்புடாதீங்கன்னு கடுப்பாச் சொல்லுவேன். "செரிங்க"ன்னு வெச்சுட்டு மறுநாளும் கூப்புடுவாங்க.

புதன்கிழமை புயல் மழை புடிச்சுச்சு. சேலத்துத் தம்பி அம்மாவைப் பாக்கக் கீழ போயிருந்தாரு. காத்து அடிச்ச அடியில கொண்டை ஊசி வளைவெல்லாம் மரம், பாறை, சேறு. ரோடு அடைஞ்சுருச்சு. கரெண்டு போச்சு. டீசல் வர வழியில்லாததால ஜெனரேட்டரைப் பிரசவ வார்டுக்கும் மருந்து ஃப்ரிட்ஜுக்கும் மட்டும் உட்டு உட்டு ஓட்டுனாங்க. நான் குப்பியை மடிப்பையில வெச்சு வயித்துல கட்டிக்கிட்டேன். யோசிக்கக்கூட இல்ல. வாரா வாரம் செத்துத் தொலைங்கன்னு திட்டுனவ, கரெண்டு போன சத்தம் கேட்டதும் முதல்ல எடுத்தது அதைத்தான். அப்பிடியே உக்காந்து, அப்பிடியே நின்னு, பக்கம் திரும்பாமத் தூங்கி, ரெண்டு நாளு. வயித்துல குப்பி, ஊட்டுல கட்டி வெச்ச பெட்டி.

வெள்ளிக்கிழமை காலையில மரத்தை வெட்டி ஓரமா வழி பண்ணிட்டாங்க. எறங்கற டூவீலரை மட்டும் உடறாங்க, மேல ஏற ஒருத்தரையும் உடல. சேலத்துத் தம்பி அடிவாரத்துல நின்னுக்கிட்டுப் போன் பண்றாரு. "மேடம், போலீஸைக் கையெடுத்துக் கும்புட்டும் உடமாட்டேங்கறாங்க. நாளைக்குத்தானாம்." குப்பியை எடுத்துப் பாத்தேன். ரோஸ் போயி மஞ்சள் தட்டிருச்சு. நானே மாத்திட்டுக் கெளம்பலாம்னா, புதுத் தண்ணி அந்தச் சூட்டுக்கு வரவே மதியமாயிரும், பிளைட்டு போயிரும்.

கூடவே எடுத்துட்டுக் கீழ போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. குப்பி மூடியில காத்து போக வழி உண்டு. தண்ணி தளும்பி அதுல பட்டா அழுக்கு உள்ள எறங்கிரும், எல்லாம் கெட்டுச்சு. அந்தப் பள்ளம் மேட்டுல, மழையில, பைக்குப் பின்னாடி உக்காந்து அதைத் தளும்பாமக் கொண்டுபோற ஆளு இன்னும் பொறக்கல.

வாட்ச்மேன் அண்ணன் பைக்கோட ரெடியா நிக்கறாரு. சிஸ்டர், "என்கிட்டக் குடும்மா, நான் கட்டிக்கறேன். தண்ணியை நாளைக்கு அந்தத் தம்பி வந்து மாத்தட்டும். நீ கெளம்பு. எத்தனை வருசம்மா அந்த மனுசனைக் காக்க வெப்பே?"ன்னாங்க. மஞ்சளான தண்ணியில பொடிசுங்க நாளைக்கு வரைக்கும் தாங்குமான்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தாங்கினாலும் தாங்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மடிப்பையை அவுத்துச் சிஸ்டர் இடுப்புல கட்டி உட்டேன். எனக்கு வயித்துல குளிர் அடிச்சுச்சு. பெட்டியை முன்னாடி வெச்சுக்கிட்டுப் பைக்குல ஏறி உக்காந்துட்டேன்.

அண்ணன் வண்டியை உதைக்கறப்போ போன் அடிச்சுது. அந்தப் புள்ளையோட அம்மா. எடுத்திருக்க வேண்டாம். பழக்க தோசத்துல எடுத்துட்டேன்.

"மேடம், மேல புயலுன்னு டீவியில காட்டறாங்க. நீங்க லேப்லதானுங்க இருக்கீங்க?"

"இருக்கேன்"ன்னேன். பைக்குல உக்காந்துக்கிட்டு.

"நீங்க இருக்கீங்கன்னாப் போதுங்க. நான் பயந்துட்டேன். இனி தொந்தரவு பண்ணலீங்க மேடம்."

வெச்சுட்டாங்க. தெனமும் டெஸ்டு வந்துருச்சான்னு கேட்டவங்க அன்னைக்கு அதைக் கேக்கவே இல்ல. நான் அப்பிடியே உக்காந்திருந்தேன். அண்ணன் திரும்பிப் பாத்து, "ஏனுங்க, ஏதாச்சும் மறந்துட்டீங்களா?"ன்னாரு. ஆமாண்ணேன்னு சொல்லி எறங்குனேன். பாவி மக, கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் பண்றது வேற யாரும் இல்ல, நீதான்டின்னு என்னையவே திட்டிக்கிட்டு உள்ள போனேன். சிஸ்டர் என்ற மூஞ்சியைப் பாத்துட்டு மடிப்பையை அவுத்துக் குடுத்தாங்க.

புதுத் தண்ணியும் அதே சூட்டுல இருக்கோணுமில்ல. அந்தப் பாட்டிலையும் சேத்து வயித்துல கட்டிக்கிட்டு, அது சூடேறற வரைக்கும் ஜன்னலோரம் உக்காந்தேன். மதியத்துக்கு மேல ஸ்பிரிட் விளக்கு ஏத்தி, அழுக்கு உள்ள எறங்காம இருக்கச் சுடருக்குப் பக்கத்துலயே கையை வெச்சு, பழைய தண்ணியை உறிஞ்சி எடுத்துப் புதுசை ஊத்துனேன். கண்ணாடி வெச்ச பழைய மைக்ராஸ்கோப்பு ஒண்ணு இருக்குது, அதுக்குக் கரெண்டு வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிப் பாத்தேன். எல்லாம் சோம்பிக் கெடந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணு மெல்ல நெளிஞ்சுச்சு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. பொறவு அங்கங்க. "இருந்துட்டீங்களா, சனியனுங்களா"ன்னேன். கண்ணுல தண்ணி வந்து லென்ஸு மங்கிப் போச்சு.

சிக்னல் இருந்த எடத்துல நின்னு அவரைக் கூப்புட்டேன். "கோயமுத்தூரு வந்துட்டியா புள்ள?"ன்னாரு. குரல்ல அவ்வளவு சந்தோசம். "வரலீங்க"ன்னேன். ஏன்னும் சொன்னேன், கோர்வையா வரல. அந்த ஒரு நொடி போச்சு. அதுக்கு மேலயும் போச்சு. அங்க யாரோ இந்தியில பேசற சத்தம் கேட்டுச்சு. "செரி"ன்னாரு. வெச்சுட்டாரு. திட்டியிருந்தாத் தேவலைங்க. ஒரு வார்த்தை திட்டியிருந்தா நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், ரெண்டு பேரும் அழுதிருப்போம், முடிஞ்சிருக்கும்.

மறுநாளு தம்பி வந்துட்டாரு, அன்னைக்கே கரெண்டும் வந்துருச்சு. டெஸ்டு போட்டோம். டெஸ்டுத் தட்டுல அந்தப் புள்ளையோட ரத்தம் பட்ட குழியில நெறம் ஏறுச்சு, சந்தேகமில்லாம ஏறுச்சு. புழுவைப் பழக்கப்பட்ட ரத்தம். ஸ்கேனையும் இதையும் வெச்சுப் பாத்த டாக்டருங்க கண்ணை எடுக்கறதை நிறுத்திட்டாங்க. பார்வை முழுசாத் திரும்பாதுன்னு சொன்னாங்க, ஆனா கண்ணு இருக்கும். அந்தம்மா போன் பண்ணிப் பேச முடியாம அழுதாங்க. நானும் அன்னைக்கு மட்டும் கடுகடுன்னு பேசல. பொறவு அந்தப் புள்ளையோட போட்டோ ஒண்ணு அனுப்புனாங்க. ரெட்டை ஜடை போட்டுக்கிட்டு, ரெண்டு கண்ணையும் இடுக்கிச் சிரிக்குது. அதைப் பாத்தா மனசு நெறையும். நெறைஞ்ச கையோட வலிக்கவும் செய்யும். பொய் சொல்லுவானேன்?

இனி விசா இல்லைன்னு கம்பெனி கைவிரிச்சுருச்சு. ரூம்பை வேற குடும்பத்துக்குக் குடுத்துட்டாங்கன்னு அவரு கூட்டாளி ஊட்டுல சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊதாத் திரையைக் கழட்டுனாரா உட்டுட்டு வந்தாரான்னு கேக்க நினைச்சுக் கேக்கல. சிஸ்டர் அதுக்கப்பறம் அந்தப் பழமொழியைச் சொல்லவே இல்ல. கிண்டல் பண்ணுனாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு எனக்கு.

வெள்ளிக்கிழமைதான் அவருக்கு லீவு, எப்பவும் கூப்புடற நாளு. அது வந்துச்சு, போன் வரல. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரல. நான் தண்ணி மாத்திட்டுப் போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நானாக் கூப்புட்டா எடுக்க மாட்டாரோன்னு பயம். எடுத்துட்டா என்ன சொல்றதுன்னு அதை விடப் பயம். மலையெல்லாம் காப்பிப் பழம் செவந்து, ஆளுங்க எடுத்து, களத்துல காயப் போட்டு, மூட்டை கட்டி எறக்கியாச்சு. கட்டில்ல அந்தப் பக்கம் சில்லுன்னேதான் கெடந்துச்சு.

காப்பிப் பூ பூத்த சமயம் ஒரு வெள்ளிக்கிழமை. கையுறையைக் கழட்டிக்கிட்டு இருக்கேன், போன் அடிச்சுது. அவருதான்.

"சாப்பிட்டியா புள்ள?"

"சாப்பிட்டேனுங்க."

"மழை பேஞ்சுதா?"

"ஒரு மழை. பூவெல்லாம் நல்லா வந்திருக்குதுங்க."

"அம்மாளுக்குச் சர்க்கரை?"

"பரவாயில்லைங்க."

கூரை கேட்டாரு, மூட்டு வலி கேட்டாரு. எல்லாம் கேட்டாரு. அது ஒண்ணை மட்டும் கேக்கல. எத்தனை வருசம் அந்தக் கேள்விக்கு எரிஞ்சு விழுந்திருப்பேன்! அன்னைக்கு அதுக்காக ஏங்கிக்கிட்டு நின்னேன். அடுத்து அதைக் கேப்பாரு, அடுத்து கேப்பாருன்னு. "செரி, அப்ப வெச்சரட்டுமா?"ன்னாரு.

"ஏனுங்க"ன்னேன்.

"சொல்லு."

"புழு எப்படி இருக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

ஒரு நொடி போச்சு. இன்னொண்ணும் போச்சு. அவரு மூச்சு உடறது கேட்டுச்சு.

"எப்படி புள்ள இருக்குது, உன்ற புழு?"

"வளரலீங்க. சாகவும் இல்ல. அப்படியேதான் கெடக்குது."

நான் போனைக் காதோட அழுத்திப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கொஞ்சம் தாமசமாத்தான் வந்துச்சு, ஆனா சிரிச்சாரு.